நாற்பது நாள் விரதமும் ஒரு டப்பாவும்

போன வாரம் ஒருவர் நாற்பது நாள் விரதம் இருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். மாலை போட்டு அல்ல, விந்துப் பரிசோதனைக்காக. "ஒரு சொட்டுக்கு அறுபது சொட்டு ரத்தம் போகுமாமே அண்ணே, அதான் சேர்த்து வச்சேன்" என்றார். இதே கதையோடு இந்த வருஷம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ரத்தம் சுண்டி விந்து ஆவதில்லை, தம்பி. டப்பாவில் தெரிகிற திரவத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைச் சுரப்பிகளில் ஊறியது. மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பி தந்தது. விரையிலிருந்து வரும் பங்கு மிகவும் கொஞ்சம். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஆணுக்கும் அளவு அப்படியே இருப்பது அதனால்தான். கெட்டியா, நிறையவா என்று கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குத்தானே நுண்ணோக்கி.

விரைக்குள் நூல்கண்டு மாதிரி மெல்லிய குழாய்கள். அவற்றின் சுவரில் ஒரு செல் விந்தணுவாகி வால் முளைக்க சுமார் 74 நாள் ஆகும். அப்புறம் விரையின் பின்புறம், பிரித்து நீட்டினால் 6 மீட்டர் வரும் ஒற்றைச் சுருள் குழாயில் அது நீந்தும் திறமை பெறும். உற்பத்தி நிற்பதே இல்லை. வெளியேறாத பழைய சரக்கு அங்கேயே தேங்கிச் சாகும். அவருடைய சொட்டில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் மீன் சந்தை கலைந்தபின் கூடையில் ஒட்டிக் கிடக்கும் நெத்திலிபோலப் பாதிக்கு மேல் அசையவே இல்லை. நாலு நாள் கழித்து மறுபடி கொடுக்கச் சொன்னேன். நன்றாகவே ஓடின.

கடைசியாக விந்து வெளியேறியதற்கும் பரிசோதனைக்கும் இடைவெளி 2 முதல் 7 நாள், அவ்வளவுதான். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள். ஐஸ் பெட்டியில் கொண்டு வராதீர்கள், ஐயா! ஆணுறையில் பிடித்ததும் வேண்டாம். டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகவில்லையென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். விரைக்கு உடம்பைவிட 2, 3 டிகிரி குளிர்ச்சி வேண்டும். கைலி கட்டும் ரங்கூனில் அதற்கு நான் பாடம் எடுக்க வேண்டாம், டீக்கடை அடுப்படியில் நாளெல்லாம் நிற்பவர்கள் மட்டும் கவனியுங்கள். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி? புஜம் பருக்கும், மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவு நின்றுபோகும், எண்ணிக்கை பூஜ்யத்துக்கே இறங்கலாம்.

அவர் மனைவி நாலு வருஷமாக ஸ்கேன், ஊசி, காளி கோயில் நேர்த்திக்கடன் என்று அலைந்திருக்கிறார். இவர் டப்பாவைத் தொட்டது இப்போதுதான். கெஞ்சிக் கேட்கிறேன், இருவரும் முதல் நாளே சேர்ந்து வாருங்கள். காலையில் சீக்கிரம் வந்தால் கூட்டமும் இருக்காது.