பொடுதலை படர்ந்தால் நெருஞ்சிக்கு இடமில்லை

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் எந்தத் தென்னந்தோப்புக்கு ஆலோசனை சொல்லப் போனாலும் இரண்டு புலம்பல்கள் நிச்சயம்: கோரை, நெருஞ்சி. இரண்டுமே நாட்டுமருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு என்பது வேறு கதை.

தென்னைக்குத் தென்னை 25 அடி விடுகிறோம். இளந்தோப்பில் அந்த இடைவெளி முழுக்க வெயில், வெறும் மணல். ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் போதும், நெருஞ்சி முளைத்துவிடும். அந்த இடத்தில் பொடுதலையை முந்திக்கொள்ள விடுங்கள் என்பதுதான் என் யோசனை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறோமே, அதே செடிதான். கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு பாயாகப் படரும். மிதித்தாலும் சாகாது, நம் கிணற்று உப்பையும் ஓரளவு தாங்கும். மண் மூடிக்கொண்டால் நெருஞ்சி விதைக்கு வெளிச்சமும் இல்லை, இடமும் இல்லை.

கோரை அப்படி மடங்காது. பொடுதலைப் பாயைக் குத்திக்கொண்டு எழும். மேலே கொத்தினால் தாள்தான் போகும். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. சித்திரையில் முள்கொத்தால் கிளறிக் கிழங்கைப் பொறுக்கிவிட வேண்டும். மணல் என்பதால் வேலை சுலபம். கோரைக்கு நிழலும் ஆகாது. அதனால் பழைய தோப்பில் கற்பூரவல்லியை (வாழை அல்ல, மூலிகைச் செடி) நெருக்கமாக நடச் சொல்கிறேன். முழங்காலளவு வளர்ந்து தழைத்தால் அடியில் கோரை மெலியும். ஒழியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இதையே ஒருமுறை கடற்கரையோரம் திறந்த மணலில் நடச் சொல்லி, உப்புக்காற்றில் அத்தனையும் கருகிப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

துளசி நடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக நடுங்கள், பூஜைக்கு ஆகும். நிமிர்ந்து வளரும் செடி, தரையை மூடாது.

மழை தொடங்கியதும் முதலில் முளைக்கும் களையை எடுத்துவிட்டு, பொடுதலைத் துண்டுகளை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். முதல் இரண்டு மாதம் கைக்களை எடுத்தே ஆக வேண்டும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நடுவில் காய்ந்த தென்னை ஓலையைப் பரப்பினால் பாதி வேலை மிச்சம்.

தென்னையைச் சுற்றி ஆறடிப் பாத்திக்குள் மட்டும் எதையும் படரவிடாதீர்கள். கோடையில் தண்ணீருக்குப் போட்டி வரும். ஆஸ்திரேலிய ஆற்றுப்படுகைகளில் பொடுதலையின் நெருங்கிய உறவுச் செடி ஒன்று பெரிய களையாகிவிட்டது. அதனால் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடுகிறவர்கள் பொடுதலையைப் பதியன் பாத்திக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம்.