மெட்டாடேட்டா: கொடுத்ததா, விழுந்ததா?

ஒரு பெண் இரவு பத்து மணிக்குக் குடும்ப வழக்கறிஞர் ஒருவரிடம் நாற்பது நிமிடம் பேசுகிறார். உடனே அம்மாவை அழைக்கிறார். மறுநாள் காலை வாடகை வீட்டுத் தரகருக்கு இரண்டு அழைப்பு. அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டது. யார், யாரை, எப்போது, எங்கிருந்து, எவ்வளவு நேரம் என்ற இந்தக் குறிப்புகளைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள் 'தரவைப் பற்றிய தரவு'. தவறில்லை. ஆனால் அப்படிச் சொன்னதும் விஷயம் சின்னதாகிவிடுகிறது. ஏதோ புத்தக அட்டையில் ஒட்டிய சீட்டு போல. சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் சிக்கல் எங்கே என்று புரியும்.

மெட்டா கிரேக்க முன்னொட்டு. 'பின்னால்', 'உடன்' என்பவை அதன் பழைய பொருள்கள். அரிஸ்டாட்டிலின் நூல்களைத் தொகுத்தபோது இயற்பியலுக்குப் பின்னால் வைக்கப்பட்ட பகுதிகளுக்கு அந்த வரிசையை வைத்தே மெட்டாஃபிசிக்ஸ் என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் 'அப்பாற்பட்டது', 'ஒன்றைப் பற்றிய மேல்நிலைப் பேச்சு' என்று பொருள் நகர்ந்தது. கணினித் துறையில் மெட்டாடேட்டா என்ற சொல்லை 1968-இல் பிலிப் பாக்லி நிரல்மொழிகள் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். அப்போது அதில் தொலைபேசியும் இல்லை, உளவும் இல்லை.

டேட்டா லத்தீன் சொல். 'கொடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது; 'கொடுக்கப்பட்டவை' என்பது நேர்ப்பொருள். நம் 'தரவு' இதற்கு அழகாகப் பொருந்துகிறது. தா, தரு என்ற வேரிலிருந்து வருவது, தரப்படுவது. யாப்பு படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல: கலிப்பாவின் முதல் உறுப்பும் தரவுதான். மெட்டாவுக்கு 'மீ' வைத்து 'மீத்தரவு' என்று ஆக்கியதும் நல்ல ஆக்கமே. மீமிசை, மீக்கூறு என்று 'மேலே' என்ற பொருளில் தமிழில் பழகிய எழுத்து அது. ஒலியும் மெட்டாவுக்குப் பக்கத்தில் வருகிறது. அது தற்செயல் என்றாலும் நினைவில் நிற்க உதவும்.

சரி, பின்னே என்ன குறை? 'கொடுக்கப்பட்டது' என்பதில்தான் குறை. சட்டம் தடுக்கி விழுந்ததும் அங்கேதான்.

1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்மித் எதிர் மேரிலாண்ட் வழக்கைத் தீர்த்தது. ஒருவர் தன் வீட்டுத் தொலைபேசியில் சுழற்றும் எண்களைக் குறித்துவைக்கும் கருவியை, காவல்துறை கேட்டதால், தொலைபேசி நிறுவனம் தன் அலுவலகத்தில் பொருத்தியிருந்தது. சோதனை வாரன்ட் இல்லை. நீதிமன்றம் அது தேவையில்லை என்றது. எண்ணைச் சுழற்றும்போதே அதை நிறுவனத்திடம் நீங்களாகக் கொடுத்துவிட்டீர்கள், கொடுத்ததில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்பதுதான் வாதம்.

கைப்பேசி வந்தபின், இருப்பிடப் பதிவுகளில் அந்த வாதம் நிற்கவில்லை. 2018-இல் கார்பென்டர் வழக்கில் ஒருவருடைய கைப்பேசியின் 127 நாட்களுக்கான இருப்பிடப் பதிவுகள் அதே நீதிமன்றத்தின் முன் வந்தன. மொத்தம் 12,898 இடக்குறிப்புகள், நாளொன்றுக்குச் சராசரி நூற்றுக்கும் மேல். இவற்றை யார் 'கொடுத்தார்'? கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது, கைப்பேசிக் கோபுரம் குறித்துக்கொண்டது, அவ்வளவுதான். வழக்கமான பொருளில் இது பகிர்வே அல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. இப்படிப்பட்ட பதிவுகளைப் பெற பொதுவாக வாரன்ட் வேண்டும் என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்ததே, ஒரு சாதாரண வினைச்சொல்லை நிறுத்தி விசாரித்ததுதான்.

ஐரோப்பியச் சட்டம் வேறு வழியில் வந்தது. மின்னணுத் தொடர்புகளின் அந்தரங்கம் குறித்த 2002-ஆம் ஆண்டு நெறியாணை இதே விஷயத்தை 'டிராஃபிக் டேட்டா' என்கிறது. செய்தி போய்ச் சேர்ந்து, கட்டணக் கணக்கும் முடிந்தபின், அதை அழிக்க வேண்டும் அல்லது யாருடையது என்று தெரியாதபடி ஆக்க வேண்டும் என்பது பொது விதி. 2006-இல் வந்த இன்னொரு நெறியாணை தலைகீழாக, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை எல்லாருடைய பதிவுகளையும் சேமித்துவைக்கச் சொன்னது. 2014 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது செல்லாது என்றது. உள்ளடக்கம் இல்லாவிட்டாலும், இந்தப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் அன்றாடப் பழக்கம், நடமாட்டம், உறவுகள் எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்பது முக்கியக் காரணம்.

டிராஃபிக் டேட்டாவை 'போக்குவரத்துத் தரவு' என்று எழுதினால் படிப்பவர் பேருந்தையும் சிக்னலையும்தான் நினைப்பார். 'தடயம்' என்று சிலர் சொல்கிறார்கள். அதில் குற்றத்தின் வாடை அடிக்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் எல்லாரையும் சந்தேக நபராக்கும் சொல் வேண்டாம்.

நான் 'தொடர்புச் சுவடு' என்று எழுதுகிறேன். மண்ணில் நடந்தால் சுவடு விழும். யாரும் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. பின்னால் வருகிறவர் பார்க்கலாம், அளக்கலாம், எங்கே போனோம் என்று கண்டுபிடிக்கலாம். கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: அழைப்புச் சுவடு, இருப்பிடச் சுவடு. 'செய்தியை மறையாக்கம் காக்கிறது, சுவட்டைக் காப்பதில்லை' என்று எழுதினால், செய்தியைப் பூட்டினாலும் யார் யாருக்கு அனுப்பினார் என்பது சேவை நடத்துபவருக்குத் தெரியக்கூடும் என்பது ஒரே வரியில் புரிகிறது.

நூலகப் பட்டியல், கோப்பின் தலைப்பு, ஆவணத்தின் மொழி ஆகியவற்றுக்கு மீத்தரவு அப்படியே இருக்கட்டும். அவை உண்மையிலேயே ஒருவர் உட்கார்ந்து எழுதித் தந்தவை. ஒளிப்படக் கோப்பு மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: நீங்கள் எழுதிய தலைப்பு மீத்தரவு, கேமரா தானாகப் பதித்த இடமும் நேரமும் சுவடு.