மாத்திரை அளவை வாட்ஸ்அப்பில் சுருக்காதீர்கள்

எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் பலரும் இப்போது டாக்டர் சீட்டைக் கொண்டு வருவதில்லை, போனை நீட்டுகிறார்கள். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மகள் அனுப்பிய ஒரு வரி அதில் இருக்கும். மருந்தின் பெயர் பாதி, பக்கத்தில் 'ஓ.டி.', கடைசியில் 'டி.சி.'. டேக் கேர் என்பது அப்பாவுக்குப் புரியாவிட்டால் நஷ்டமில்லை. ஓ.டி. அப்படியல்ல. மாத்திரைக்கு அது தினம் ஒரு வேளை; கண் சொட்டு மருந்துக்கு வலது கண். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். அதை 'அவசரம், உடனே போடு' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நண்பர்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளலாம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் 160 எழுத்து, தமிழ் 70தான் என்றிருந்த காலத்தில் அதற்குத் தேவையும் இருந்தது. ஆனால் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ (போன், வீடியோ வழியே டாக்டர் பார்ப்பது) வழிகாட்டுதலுக்குப் பிறகு டாக்டர் சீட்டே வாட்ஸ்அப்பில் வருகிறது. எங்கள் துறையின் பழைய லத்தீன் சுருக்கங்களும் அரட்டைச் சுருக்கங்களும் ஒரே திரையில் கலந்துவிட்டன.

எனக்கு அதிகம் பயம் இன்சுலின் விஷயத்தில்தான். யூனிட் என்பதற்கு 'யு' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். கையால் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பும்போது அது பூஜ்ஜியம் போலத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். அவ்வளவு போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-லேயே இந்த எழுத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அப்புறம் மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்து இது. தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து இறந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. இதற்கு 'வாரம்' என்று எழுதினால்கூடப் போதாது, 'ஞாயிறு மட்டும்' என்று கிழமையையே எழுதுங்கள்.

வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் தமிழிலேயே முழுசாக எழுதுங்கள்: 'காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு, 5 நாள்'. கூடவே சீட்டின் போட்டோவும் மாத்திரை அட்டையின் போட்டோவும் வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறினால் வேறு மருந்தாகிவிடுகிற ஜோடிகள் நிறைய. கடையில் நாங்கள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தருகிறோம் என்றால், தயவுசெய்து அந்த ஐந்து நிமிடம் காத்திருங்கள்.