மெசின் வாங்கும் முன் கிணற்றைப் பாருங்கள்

காலை ஏழு மணிக்கே போன் வந்தது. "அண்ணை, கோப்பி புளிக்குது. கொட்டையை மாத்திப் பார்த்தன், அரைக்கிற பருமனையும் மாத்திப் பார்த்தன், சரிவருதில்லை." நல்லூர்த் திருவிழாக் காலம். கடை வாசலில் சனம் நிற்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. "தம்பி, உங்கட வீட்டுக் கேத்தலுக்குள்ள என்ன நிறம்?" என்று கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார் போல. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் கேத்தலைத் திறந்தாலும் உள்ளே வெள்ளைதானே.

அன்று மத்தியானம் அவருடைய மெசினைத் திறந்தேன். சூடாக்கும் கம்பியைச் சுற்றி முட்டைக்கோது மாதிரிச் சுண்ணாம்பு. கம்பியின் சூடு அந்தக் கோதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகவேண்டும். ஒன்றிரண்டு கோப்பி போடும்போது சமாளித்துவிடும். வரிசையில் பத்துப் பேர் நின்றால் முடியாது. எஸ்பிரெஸோவுக்குத் தண்ணீர் 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை இருக்கவேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் கோப்பித்தூளில் இருந்து புளிப்பு முதலில் வந்துவிடும், இனிப்பும் கசப்பும் உள்ளேயே நின்றுவிடும். கொட்டையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

எஸ்பிரெஸோ மெசின் பழுது பார்ப்பது என் தொழில். யாழ்ப்பாணத்தில் நல்லூர், திருநெல்வேலி, நகரம் என்று இளைஞர்கள் தங்கள் சொந்தக் காசில் திறக்கும் சிறு கோப்பிக் கடைகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மெசினுக்கு, கதிரைக்கு, சுவர்ச் சோடனைக்கு எல்லாம் கணக்குப் போட்டவர்களிடம் தண்ணீருக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்டால், "கிணறு இருக்குத்தானே" என்கிறார்கள்.

கிணறு இருக்கிறது என்பதுதான் பிரச்சினையே. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கு இல்லை, வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடும். பெய்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு கிணற்றில் நிற்கிறது. நல்ல தண்ணி என்று பேர்பெற்ற கொண்டாவில் பக்கத்திலும் தண்ணீர் கடினம்தான். குடிக்க நல்ல தண்ணி வேறு, மெசினுக்குள் தண்ணீரைச் சூடாக்கும் பொயிலருக்கு நல்ல தண்ணி வேறு.

அதோடு முடியவில்லை. நம் நன்னீர் நிலத்துக்கடியில் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. மாரி முடிந்த தை மாதத்தில் கிணறு நிறைந்திருக்கும்போது ருசி ஒன்று. இறைத்து இறைத்து ஆவணி புரட்டாதிக்கு வரும்போது கீழிருந்து சவர் ஏறியிருக்கும். யாவாரம் உச்சத்தில் இருக்கும் திருவிழா நாட்களும் தண்ணீர் கெட்டிருக்கும் நாட்களும் ஒன்றாக வந்து விழுகின்றன. தை மாதம் ஒரு முறை தண்ணீரைச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சுண்ணாம்பையாவது கண்ணால் பார்க்கலாம். உப்பில் இருக்கும் குளோரைட்டு அப்படி இல்லை, அது துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் உருக்கையே புள்ளி புள்ளியாக அரிக்கும். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் குளோரைட்டுக்கு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். தங்கள் மெசினுக்கு 30 மில்லிகிராமிலேயே எல்லை போடும் உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். நீராவி எடுக்கும் பொயிலரில் நிலைமை இன்னும் மோசம். ஆவி வெளியே போகும், உப்பு உள்ளேயே தங்கி நாளுக்கு நாள் இறுகும். காலையில் மெசின் சூடானதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒன்றிரண்டு லீற்றர் வெளியே விடுங்கள். காசில்லாத வைத்தியம் அது.

கடினநீரை மென்மையாக்கும் சிலிண்டரைப் பூட்டிவிட்டால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது கல்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். குளோரைட்டு வந்தபடியே உள்ளே போகும். அந்தச் சிலிண்டர் தொடர்ந்து வேலைசெய்ய அதன் தொட்டிக்கு நேரத்துக்கு உப்புப் போடவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் திறந்து பார்த்த உப்புத் தொட்டிகளில் காய்ந்து கிடந்தவைதான் கூட.

சரி, தண்ணீரை மென்சவ்வுக்குள்ளால் தள்ளி உப்பையும் சுண்ணாம்பையும் பிரிக்கும் ஆர்.ஓ. போட்டால்? நம் ஊருக்கு அதுதான் வழி, ஆனால் அதைத் தனியே விடக்கூடாது. ஒரு கடையில் ஆர்.ஓ. தண்ணீர்ப் போத்தலை நேரே மெசினுக்குக் கொடுத்திருந்தார்கள். பொயிலரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் கம்பி, தண்ணீரில் மின் கடக்கிறதா என்பதை வைத்துத்தான் அறியும். உப்பே இல்லாத தண்ணீரில் மின் கடக்காது. பொயிலர் வெறுமை என்று மெசின் நினைத்து மேலும் மேலும் இறைத்ததில், பால் நுரைக்கும் குழாயால் தண்ணீர் சீறியது. கோப்பியும் சப்பென்று இருந்தது. ருசியை இழுத்தெடுக்கவும் கொஞ்சம் கல்சியம், மக்னீசியம் வேண்டும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரோடு வடிகட்டிய கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிறு பங்கைக் கலக்கும் வால்வு வையுங்கள், அல்லது கனிமம் சேர்க்கும் பில்டர் பூட்டுங்கள். கிணறு சவராக இருந்தால் இரண்டாவதுதான் சரி. கடினத்தன்மை லீற்றருக்கு 50 முதல் 175 மில்லிகிராமுக்குள் இருந்தால் கோப்பிக்கு நல்லது, மெசினுக்காக நான் கீழ்ப்பக்கமாகவே நிறுத்துவேன்.

அளப்பதற்கு, தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவை மட்டும் காட்டும் ரி.டி.எஸ். பேனை போதாது. 600 என்று காட்டினால் அது சுண்ணாம்பா உப்பா என்று பேனைக்குத் தெரியாது. அலங்கார மீன் வளர்ப்பவர்கள் பாவிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கடினத்தன்மையைக் காட்டும். அதில் ஒரு பாகைக் கடினத்தன்மை என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம். குளோரைட்டுக்கு ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள், அதுவும் தையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை. குழாய்நீர் வரும் கடைகளும் இதைச் செய்யவேண்டும்.

இன்னொன்று. தேசிக்காய்ப் புளி, வினாகிரி ஊற்றி நீங்களே சுண்ணாம்பைக் கழுவப் போகாதீர்கள். தடித்த படிவு செதில் செதிலாகக் கழன்று, ஊசித்துவாரம் போன்ற உள்வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க மெசினை முழுக்கக் கழற்றவேண்டும், என் கூலியும் அதற்கேற்ப ஏறும்.

அந்தத் தம்பியின் கடைக்கு ஆர்.ஓ.வும் கனிம பில்டரும் பூட்டிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்ப எடுத்தார். கோப்பி திறமாம். ஆனால் பின்னேரம் பிளேன்டீ குடிக்க வரும் ஐயா ஒருவர், "என்ன தம்பி, சாயம் காணாது" என்று கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டாராம். தேத்தண்ணிக்கு மட்டும் பழைய கிணற்றுக் குழாயைத் திரும்பப் பூட்டிவிட்டு வந்தேன்.