டொனால்ட் கர்ரியின் உச்சத்தை எப்படி அளப்பது?

1985 டிசம்பர் 6, லாஸ் வேகாஸ். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்கள் டொனால்ட் கர்ரியும் மில்டன் மெக்ரோரியும் மோதினார்கள். இருவருமே அதுவரை தோற்காதவர்கள், இருவரிடமுமே வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் வெவ்வேறு அமைப்புகளின் உலகப் பட்டம் இருந்தது. இரண்டாம் சுற்றில் கர்ரியின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) மெக்ரோரியைச் சாய்த்தது. எழுந்து நின்றவரை அடுத்து வந்த வலது குத்து முடித்துவிட்டது. அந்த ஆண்டின் சிறந்த வீரர் என்ற கௌரவத்தை ‘தி ரிங்’ குத்துச்சண்டைப் பத்திரிகை மார்வின் ஹேக்லருக்கும் கர்ரிக்கும் சேர்த்துக் கொடுத்தது.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 1986 செப்டம்பர் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில், பிரிட்டனுக்கு வெளியே அதிகம் பேர் அறியாத லாயிட் ஹனிகனிடம் கர்ரி தோற்றார். ஆறாவது சுற்று முடிந்ததும், கண் அருகே வெட்டுக்காயத்துடன், மூலையில் உட்கார்ந்தவர் அடுத்த சுற்றுக்கு எழவில்லை, ஆட்டம் போனது.

அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. உச்சத்தில் இருந்த கர்ரி எந்தக் காலத்து வெல்டர்வெயிட்டையும் திணறடித்திருப்பார் என்கிறது ஒன்று. பெரிய சோதனை வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது என்கிறது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் கையில் இருப்பது அதே இரண்டு ஆட்டங்கள்தான். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு ஆட்டம் எவ்வளவு சொல்லும்? இரண்டு வீரர்களில் ஒருவர் தெளிவாக மேலானவர், பத்துக்கு ஆறு முறை ஜெயிப்பார் என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் ஏழு ஆட்டத் தொடர் ஒன்றில் மோதவிட்டால்கூட மேலானவர் தொடரை வெல்லும் வாய்ப்பு சுமார் 71% மட்டுமே. கர்ரியும் ஹனிகனும் மோதியதோ ஒரே ஒரு முறை. சதுரங்கத்துக்காக அர்பாட் ஈலோ வகுத்த தரவரிசை முறை இந்தத் தற்செயலைச் சமாளிக்கவே உருவானது: இரண்டு பேருக்கும் இடையே தரவரிசையில் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் ஆட்டங்களில் கிடைக்கும் புள்ளிகளில் சராசரியாக 76% எடுப்பார் என்று அது கணிக்கும். ஆட்டம் கூடக்கூட எண் நிஜத்தை நெருங்கும். சதுரங்க வீரர் ஆண்டுக்குப் பல டஜன் ஆட்டங்கள் ஆடுவார். பட்டத்தைக் கையில் வைத்திருக்கும் குத்துச்சண்டை வீரர் மூன்று நான்கு ஆடினாலே அதிகம். எண் சூடுபிடிப்பதற்குள் அவருடைய உடம்பே மாறிவிடும்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது, எனக்கு இதுதான் சுவாரசியமானது. இன்னொரு வெல்டர்வெயிட்டான மார்லன் ஸ்டார்லிங்கை கர்ரி 1982-லும் 1984-லும் இரண்டு முறை புள்ளிக்கணக்கில் வென்றார். ஹனிகன் கர்ரியை வென்றார். 1989-ல் ஸ்டார்லிங் ஹனிகனை வென்றார், ஒன்பதாம் சுற்றிலேயே ஆட்டம் நிறுத்தப்பட்டது. வட்டம் முழுதாகச் சுற்றிவிட்டது! திறமை என்பது ஒரே ஏணி என்றால் இந்த மூவரையும் எந்தப் படியில் நிறுத்துவீர்கள்? ஒற்றை எண்ணை நம்பும் எந்த முறையும் இந்த இடத்தில் ஏதோ ஒரு முடிவைத் தற்செயல் என்று ஒதுக்கித்தான் ஆகவேண்டும். நிஜத்தில் பாணிக்குப் பாணி மோதும்போது ஒருவரின் பலம் இன்னொருவரிடம் செல்லாமல் போகும். அதோடு 1984-ன் கர்ரியும் 1986-ன் கர்ரியும் ஒரே உடம்பு அல்ல.

உடம்பு என்றதும் எடைக்கு வந்துவிடலாம். வெல்டர்வெயிட்டின் எல்லை 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ. அந்த எல்லைக்குள் வர கர்ரி படாத பாடு பட்டது அப்போதே பேசப்பட்ட விஷயம். கடைசி நாட்களில் இறக்கும் எடை பெரும்பாலும் நீர்தான். வியர்த்து வியர்த்து நீர் போகும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைகிறது; அதை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் சூடும் சரியாக வெளியேறாது. பட்டினியால் தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனும் கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், தராசில் முள் மளமளவென இறங்கும். குடித்த நீர் சில மணி நேரத்தில் ரத்தத்துக்குத் திரும்பிவிடும், ஆனால் கிளைக்கோஜன் நிறைய ஒரு நாள்கூட ஆகலாம்.

அப்போது எடைதான் காரணம் என்று முடித்துவிடலாமா? எனக்கு முழுத் திருப்தி இல்லை. நீர்ச்சத்துக் குறைவு ஒற்றைக் குத்தின் பலத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை, திரும்பத் திரும்ப உழைக்கும் திறனைத்தான் தின்கிறது. அதன் பாதிப்பு பின் சுற்றுகளில் அதிகம் தெரியவேண்டும். ஹனிகனோ இரண்டாம் சுற்றிலேயே கர்ரியை ஆட்டம் காண வைத்துவிட்டார். வயதையும் குற்றம் சொல்ல முடியாது. கர்ரிக்கு அப்போது 25 வயது, மனிதனின் எதிர்வினை வேகம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும் பருவம்.

என் பார்வையில் விடை கர்ரியின் பாணியில் இருக்கிறது. கண்ணால் பார்த்த ஒன்றுக்குக் கை அசைய சுமார் 200 மில்லிவினாடி வேண்டும். கிட்ட நின்று விடும் ஜாப் (முன்கையால் சட்டென நேராக விடும் குத்து) அதற்கு முன்பே முகத்தைத் தொட்டுவிடும். ஆகவே, குத்தைப் பார்த்து யாரும் தப்பிப்பதில்லை. எதிராளியின் தோளும் இடுப்பும் திரும்பும் விதத்தைப் படித்து, குத்து கிளம்பும் முன்பே முடிவெடுக்கிறார்கள். கர்ரி இதில் மகா கெட்டிக்காரர். கைகளை உயர்த்தி, அதிகம் ஓடாமல் எதிராளியின் எல்லைக்குள்ளேயே நிற்பார். வரும் குத்தைக் கையுறையில் வாங்கி, அதே நொடியில் குட்டையான பதிலடி ஒன்றை விடுவார். அந்தக் குட்டைக் குத்தில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? 1985-ல் வெளியான ஒரு சோவியத் ஆய்வின்படி, தேர்ந்த வீரர்களின் நேர்க்குத்தில் கை நீட்டலின் பங்கு கால்வாசிதான். மீதியைக் காலின் உந்தலும் உடலின் திருப்பமும் தருகின்றன. இடுப்பு சரியான நேரத்தில் திரும்பினால் கை நெடுந்தூரம் பயணிக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தப் பாணியில் பிழைக்கு இடமே கிடையாது. தூரத்தில் ஆடுபவர் 30 மில்லிவினாடி பிந்தினாலும் கால் காப்பாற்றும். கிட்ட நிற்பவர் அதே அளவு பிந்தினால் குத்து முகத்தில். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடலும் மனமும் அவ்வளவு பிந்தினாலே போதும், அதுவும் ஹனிகனைப் போல முதல் மணியிலிருந்தே பாய்ந்து வருபவரிடம். மெக்ரோரியைச் சாய்த்த நெருக்கமே இங்கே அவருக்கு எதிராகத் திரும்பியது.

பிறகு கர்ரி 154 பவுண்டு எடைப்பிரிவுக்கு ஏறினார். எடை மட்டுமே நோய் என்றால் அங்கே குணமாகியிருக்க வேண்டும். 1987-ல் அந்தப் பிரிவின் சாம்பியன் மைக் மெக்கல்லத்துடன் முதல் நான்கு சுற்றும் நன்றாகவே ஆடினார். ஐந்தாவதில் வந்த ஒரே இடது ஹூக் அவரைப் படுக்க வைத்தது. பார்க்காத குத்துதான் மோசமான குத்து: கழுத்துத் தசைகள் இறுகாததால் தலை சட்டெனச் சுழலும், அந்தச் சுழற்சி மூளையை உலுக்கிவிடும். 1988-ல் இத்தாலியின் சான்ரெமோவில் ஜியான்பிராங்கோ ரோஸியிடமிருந்து பட்டம் பறித்தார். அடுத்த பிப்ரவரியில் கிரெனோபிளில் ரெனே ஜாகோவிடம் அதை இழந்தார். புதிய எடையில் உடம்புக்கு வசதி கிடைத்தது உண்மை. ஆனால் எதிரே நின்றவர்கள் இயல்பிலேயே பெரியவர்கள், அங்கே அவருடைய குத்துக்குப் பழைய மரியாதை கிடைக்கவில்லை.

சரி, 1985-ன் கர்ரி, முந்தைய வெல்டர்வெயிட் சாம்பியனான 1981-ன் சுகர் ரே லெனார்டை வென்றிருப்பாரா? முதல் ஆறு சுற்றில் கர்ரி சமமாக, சில இடங்களில் ஒரு படி மேலாகவே நின்றிருப்பார் என்பது என் கணிப்பு. ஹுவாங் ஜுன் சோக்குடனும் ஸ்டார்லிங்குடனும் 15 சுற்று முழுதாக ஆடி வென்றவர், மூச்சு வாங்குபவர் அல்ல. ஆனால் லெனார்டுக்குக் கால்கள் இருந்தன. கிட்ட வேலைக்காகாது என்று தெரிந்த அடுத்த சுற்றிலேயே தூரம் போய்விடுவார். தாமஸ் ஹேர்ன்ஸுக்கு எதிராகப் பின்தங்கியிருந்தபோது ஆட்டத்தையே மாற்றி 14-வது சுற்றில் முடித்தவர் அவர். பத்து முறை மோதினால் லெனார்டுக்கு ஆறு, கர்ரிக்கு நான்கு என்பேன். 1986-ன் கர்ரியைக் கொண்டுவந்தால் அந்த நான்கையும் தர மாட்டேன்.