மோல்டு: அச்சா, வார்ப்பா, பூசணமா?

ஆங்கிலத்தில், பட்டறையில் மோல்டு (mould) என்றால் அச்சு. ஈரச் சுவரில் மோல்டு என்றால் பூசணம். தோட்டக்கலைப் புத்தகத்தில் அதுவே மக்கிய மண். எழுத்தும் ஒலியும் ஒன்றுதான், ஆனால் இவை மூன்று தனித்தனிச் சொற்கள்.

மண் என்று பொருள்படுவது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஜெர்மானியச் சொல். இரும்புக் கலப்பையில் மண்ணைப் புரட்டிப் போடும் வளைந்த பலகையின் பெயர் மோல்டுபோர்டு. அந்தப் பெயரில் இருப்பது இந்த மண்தான், அச்சு இல்லை. பூசணத்துக்கான சொல், பூசணம் பிடிப்பதைச் சொல்லும் பழைய வினை ஒன்றிலிருந்து வந்தது.

உருவம் கொடுக்கும் மோல்டுக்கு வேர் இலத்தீன். ‘மோடஸ்’ என்றால் அளவு, ‘மோடுலஸ்’ என்றால் சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தூணின் தடிப்பை ஒட்டி ஓர் அலகை வைத்துக்கொண்டு மற்ற உறுப்புகளின் அளவைச் சொன்னார். அந்த அலகுதான் மோடுலஸ். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது டகரமும் லகரமும் இடம் மாறி மோல்டு ஆனது. மாடல், மாட்யூல் இரண்டும் இதன் பங்காளிகள். கணிதத்தில் மோடுலஸை ‘மட்டு’ என்கிறோம். மட்டு என்றாலும் அளவுதான். உறவில்லாத இரண்டு சொற்கள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? கருவியைச் சொன்னால் அச்சு: செங்கல் அச்சு, மணல் அச்சு. அச்சுக்குள் உலோகத்தை ஊற்றுவது வார்த்தல், ஆறியபின் வெளியே எடுப்பது வார்ப்பு. அச்சையே வார்ப்பு என்று எழுதுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இரண்டையும் பிரித்தே எழுதலாம். ‘வார்ப்புரு’ கருவிக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் விக்கிப்பீடியாவில் டெம்ப்ளேட்டுக்கு அது நிலைத்துவிட்டது.

அச்சே இல்லாமல் கையால் உருவம் கொடுப்பதையும் ஆங்கிலம் மோல்டு என்றே சொல்லும். தமிழில் அதற்கு வேறு வினைகள் உண்டு. சக்கரத்தில் வைத்துச் செய்தால் வனைதல், வெறுங்கையால் செய்தால் பிடித்தல். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையில் அச்சுக்கு வேலையே இல்லை.

அப்புறம், ‘ஆசிரியர் என்னை மோல்டு செய்தார்’ என்பதை ‘வார்த்தெடுத்தார்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் தொழிற்சாலை வாடை அடிக்கிறது. ‘ஆளாக்கினார்’ என்றாலே போதும்.