‘சம்பவம்’ அல்ல, பூசல்: ‘ஜிஹென்’ என்ற சொல்லைப் பற்றி

மஞ்சூரிய சம்பவம், சீன சம்பவம். ஜப்பானிய வரலாறு தமிழில் எழுதப்படும் இடமெல்லாம் இந்த இரண்டும் தவறாமல் வந்துவிடுகின்றன. முதலாவது, ஐந்தே மாதத்தில் மஞ்சூரியா முழுவதையும் விழுங்கிய படையெடுப்பு. இரண்டாவது, 1937 ஜூலையில் தொடங்கி ஷாங்காய், நான்ஜிங் என்று பரவி ஆண்டுக்கணக்கில் நடந்த போர். இவற்றுக்குச் சம்பவம் என்று பெயர் வைத்தால், படிப்பவருக்கு ‘சம்பவ இடத்துக்கு விரைந்த போலீசார்’தான் நினைவுக்கு வருவார்கள்.

மூலச்சொல் ‘ஜிஹென்’. ‘ஜி’ என்றால் காரியம். ‘ஹென்’ என்றால் மாற்றம், இயல்பு குலைதல். 1582இல் போர்த்தலைவன் ஒதா நொபுநாகா தன் தளபதியாலேயே வீழ்த்தப்பட்டதை ‘ஹொன்னோஜி நோ ஹென்’ என்பார்கள். 1900இல் சீனாவில் வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியின்போது படை அனுப்பியது ‘ஹொக்குஷின் ஜிஹென்’, அதாவது வடசீன ஜிஹென். போர் என்று அறிவிக்காமல் படை நடத்தினால் அது ஜிஹென். வேர் ஆராய்ச்சி இதற்கு மேல் வேண்டாம்.

குழப்பம் வந்தது ‘ஜிகென்’ என்ற இன்னொரு சொல்லால். அது தனி நிகழ்வைக் குறிப்பது: கொலை, குண்டுவெடிப்பு, கலகம். 1936 பிப்ரவரி 26 அன்று டோக்கியோவில் இளம் அதிகாரிகள் நடத்திய கலகம் ஜிகென். 1931 செப்டம்பர் 18 இரவு மஞ்சூரியாவின் முக்டென் நகர் அருகே லியுதியாவ்ஹுவில் தென்மஞ்சூரிய ரயில்பாதையில் வெடித்த குண்டும் ஜிகென். மஞ்சூரியாவில் நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படையின் இதாகாகி செய்ஷிரோவும் இஷிவாரா கன்ஜியும் திட்டமிட்டு வைத்த வெடி அது. தண்டவாளச் சேதம் மிகச் சிறியது. சற்று நேரத்தில் அதே பாதையில் ஒரு ரயில் முக்டெனுக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது. பழியைச் சீனர்மேல் போட்டுத் தொடங்கிய படையெடுப்பு முழுவதற்கும் பெயர் ‘மான்ஷூ ஜிஹென்’. ஆங்கிலத்தார் இரண்டு சொல்லையும் ஒரே சொல்லில் அடைத்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே தமிழில் ஒன்றரை மீட்டர் தண்டவாளமும் சம்பவம், மஞ்சூரியாவின் மூன்று மாகாணமும் சம்பவம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு 1938 ஏப்ரலில் ஜப்பான் வெளியிட்ட தேசியத் திரட்டல் சட்டத்தைக் காட்டலாம். போர்க்காலம் என்பதற்கு அதன் முதற்பிரிவு அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம் தருகிறது: போருக்கு நிகரான ஜிஹென்னும் இதில் அடங்கும். இதைப் ‘போருக்கு நிகரான சம்பவம்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானே சிரிக்கும். போர்க்காலத்தில் மட்டுமே அமைக்கக்கூடிய பேரரசுத் தலைமைப் போரகத்தை ஜிஹென் காலத்திலும் அமைக்கலாம் என்று 1937 நவம்பரில் விதியை மாற்றினார்கள். அதற்கு முன்பே, ஆகஸ்ட் 5 அன்று, தரைப்படைத் துணை அமைச்சரின் சுற்றறிக்கை போயிருந்தது: தரைப்போர் உடன்படிக்கையின் விதிகள் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றத் தேவையில்லை, ‘போர்க்கைதி’ போன்ற சொற்களைத் தவிர்க்கவும். பிடிபட்ட சீன வீரர்களின் கதி என்னவாயிற்று என்பதை நான்ஜிங் படுகொலை சொல்லும்.

போர் என்று ஏன் அறிவிக்கவில்லை? அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம். போர் நிலை இருப்பதாக அமெரிக்க அதிபர் அறிவித்தால், போரிடும் இரு தரப்புக்கும் ஆயுத விற்பனையும் கடனும் நின்றுவிடும். ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்தது. பழைய இரும்பும் அங்கிருந்துதான். சீனாவுக்கும் ஆயுதம் வெளியிலிருந்து வர வேண்டும். எனவே சீனாவும் 1941 டிசம்பர் 9 வரை போர் என்று அறிவிக்க வாய் திறக்கவில்லை.

எண்ணெய்க் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன, போர் மட்டும் முடியவில்லை. 1938 ஜனவரி 16 அன்று பிரதமர் கொனோயே, சீனாவின் சியாங் கை-ஷெக் அரசோடு இனிப் பேச்சில்லை என்று அறிவித்துச் சமாதானத்துக்கு ஆளில்லாமல் செய்துகொண்டார். சியாங்குக்குப் போகும் சரக்கை மறிக்க 1940 செப்டம்பரில் வட இந்தோசீனாவுக்குள் படை. தென்கிழக்காசியாவின் எண்ணெயையும் ரப்பரையும் குறிவைத்து 1941 ஜூலையில் தென் இந்தோசீனாவுக்குள்ளும். உடனே ஜப்பானியச் சொத்துகளை அமெரிக்கா முடக்கியது. ஆகஸ்டில் எண்ணெய் நின்றது. கப்பலுக்கு எண்ணெய் வேண்டும் என்றுதானே போருக்குப் போர் என்று பெயரிடவில்லை? அந்த எண்ணெயே போயிற்று. சீனாவிலிருந்து படையைத் திரும்பப் பெறலாமா என்ற பேச்சு அக்டோபரில் எழுந்தபோது, ஜிஹென்னின் பலனெல்லாம் பாழாகும், மஞ்சூரியாவும் கொரியாவும் ஆட்டம் காணும் என்று தரைப்படை அமைச்சர் தோஜோ மறுத்தார். டிசம்பர் 8 (ஜப்பானிய நேரப்படி) மலாயாவின் கோத்தாபாருவிலும் பேர்ல் ஹார்பரிலும் தாக்குதல். டிசம்பர் 12 அன்று அமைச்சரவை, சீன ஜிஹென்னையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ‘மகா கிழக்காசியப் போர்’ என்று பெயரிட்டது.

இனி தமிழ்ச்சொல். ‘நிகழ்வு’ என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். வடசொல் போயிற்று, பிழை அப்படியே இருக்கிறது. புத்தக வெளியீடும் நிகழ்வு, படையெடுப்பும் நிகழ்வா? ‘அசம்பாவிதம்’ யாரும் எண்ணாமல் நேர்வது. இது எண்ணித் துணிந்தது. ‘நெருக்கடி’ படை நகராமலும் வரும். ‘அறிவிக்கப்படாத போர்’ உண்மையைச் சொல்கிறது, ஆனால் அது விளக்கம், பெயரல்ல. டோக்கியோ எதை ஒளித்ததோ அதை மொழிபெயர்ப்பாளரே அம்பலப்படுத்திவிட்டால், ஒளித்தார்கள் என்ற செய்தியே வாசகருக்குப் போய்ச்சேராது. (இன்றைய இளைஞர் வழக்கில் ‘சம்பவம் பண்ணிட்டான்’ என்பது ஓரளவு பொருந்துகிறது. அதைப் பாடநூலில் எழுத முடியாது.)

பூசல் பொருந்தும். சங்க இலக்கியத்தில் அது ஆரவாரத்தையும் குறிக்கும், போரையும் குறிக்கும். இன்று எல்லைப் பூசல் என்றால் துப்பாக்கி இருக்கிறது. உட்கட்சிப் பூசல் என்றால் சில்லறைச் சண்டை. படையும் இருக்க வேண்டும், அளவைக் குறைத்தும் காட்ட வேண்டும். ஜிஹென் செய்த வேலை அதுதான்.

ஒரு விதிவிலக்கு: 1939இல் மங்கோலிய எல்லையில் சோவியத் படையோடு மோதி ஜப்பானின் 23ஆம் டிவிஷன் சிதைந்ததை ஜப்பானியர் ‘நொமொன்ஹான் ஜிகென்’ என்றே சொல்கிறார்கள். தோல்வியைச் சின்னதாக்கும் பெயர். அதற்கு ‘நொமொன்ஹான் சண்டை’ போதும். லியுதியாவ்ஹுவுக்குக் குண்டுவெடிப்பு, பிப்ரவரி 26க்குப் படைக்கலகம். மற்றவை மஞ்சூரியப் பூசல், ஷாங்காய்ப் பூசல் (1932இல் அங்கு நடந்த மோதல்), சீனப் பூசல். மூன்றிலும் ஒற்று மிகும், அதையும் விட்டுவிட வேண்டாம்.